கணுக்கால் பிடி

வேனில் பதினெட்டுப் பேர் உட்காரலாம். நைனா முப்பது பேரை அழைத்திருந்தார். பாரிவாக்கத்தில் எங்கள் தெருமுனைக்கு வண்டி வந்து நின்றதும் யார் உள்ளே ஏறுவது, யார் பைக்கில் வருவது என்று பெரிய பஞ்சாயத்து ஆகிவிட்டது. முதல் சீட் புளிசாத அண்டாவுக்குப் போனது. அடுத்த சீட் ராணி அத்தைக்கு. அத்தை நைனாவின் அக்கா. எந்த வண்டியானாலும் ஜன்னலோரம் அவளுக்குத்தான், எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. நைனா பூந்தமல்லி மார்க்கெட்டில் சொல்லிவைத்து ஆளுயர ரோஜா மாலை கட்டி வாங்கி, வாழை இலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசியில் மேளமும் ஏறியது.

"நைனா, மேட்சுக்குப் போறோம். திருவிழாவுக்கு இல்ல."

"உன் தங்கச்சி இந்தியாவுக்கு ஆடுறா. இத்தவிட இன்னாடி திருவிழா வோணும் உனுக்கு?"

நான் ஏறி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

என் தங்கை காவ்யா ரக்பி ஆடுகிறாள். பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தை ஏழு பேர் ஆடினால் அதற்குச் செவன்ஸ் என்று பெயர். பாதிக்கு ஏழு நிமிஷம்தான். ஒரு டீ சொல்லி அது வந்து ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். முட்டை போல நீண்டிருக்கும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். ஓடுகிறவளைப் பிடித்துக் கீழே தள்ளலாம். பந்தைக் கையால் முன்பக்கம் வீசக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் போட வேண்டும். இவ்வளவைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. நைனா இன்னும் புரிந்துகொள்ளவில்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. நீல ஜெர்சியில் காவ்யா நிற்கும் போட்டோவை அம்பத்தூர் எஸ்டேட்டில் தான் ஓட்டும் ஃபோர்க்லிஃப்டில் ஒட்டிவைத்திருக்கிறார். லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர் ஒருவர்கூட அந்தக் கதையைக் கேட்காமல் திரும்பியதில்லை.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அணியில் பன்னிரண்டு பேர், ஆடுவது ஏழு பேர். காவ்யா இரண்டு முறை வெளிநாடு போய் வந்தாள், இரண்டு முறையும் ஒரு நிமிஷம்கூட அவளை மைதானத்தில் இறக்கவில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். போனில் என்னிடம் அழுவாள், பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, "சூப்பரா இருந்துச்சும்மா" என்பாள். இந்த முறை ஆசிய நாடுகள் எட்டு மோதும் போட்டி, திருமழிசைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழக மைதானத்தில், எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்தில். முந்தின நாள் ராத்திரி பேசியபோது, "அக்கா, நீங்கல்லாம் வராதீங்களேன்" என்றாள். நைனாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலைக்கு அவர் அதற்குள் சொல்லியிருந்தார்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரத்துப் புல்லை மிதித்துப் பார்த்தாள். அம்மாவின் பெயர் பேபி. அந்தப் பெயருக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பத்துப் பேரை ஒற்றை ஆளாக வேலை வாங்குவாள்.

"இங்கதான் அண்ணி நாம நாத்து நட்டுகினு இருந்தோம். முட்டி வரைக்கும் சேறு. இப்ப பாரு, கம்பளம் கணக்கா போட்டு வெச்சிகிறானுங்கோ."

"குனிஞ்சி குனிஞ்சி என் இடுப்பு போனதே இங்கதான்" என்றாள் அத்தை. "வா, நெழலா பாத்துக் குந்தலாம்."

இருவரும் கேலரியில் கூரை இருந்த வரிசையைப் பிடித்து, துண்டு போட்டு, மொத்தத் தெருவுக்கும் இடம் வளைத்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். மேளத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள்.

முதல் ஆட்டத்துக்கு இந்திய அணி வெளியே வந்தது. பன்னிரண்டாம் எண் ஜெர்சியில் எங்கள் காவ்யா. தெரு முழுக்க எழுந்து நின்று கத்தியதில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் நிறுத்தினார். தேசிய கீதம் பாடும்போது நைனா அட்டென்ஷனில் நின்றார், கன்னம் இரண்டும் துடித்தன. பாடி முடித்ததும் ஏழு பேர் உள்ளே ஓடினார்கள். காவ்யா திரும்பி நடந்து கோட்டுக்கு வெளியே போனாள். ஜெர்சிக்கு மேல் ஒரு மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றாள். ஆட்டம் நடுவில் நிற்கும்போதெல்லாம் ஓடிப்போய் ஒவ்வொருத்திக்கும் தண்ணீர் கொடுத்தாள். நன்றாகத்தான் ஓடினாள். ஆட்டம் முடிகிறவரை அதைத்தான் செய்தாள்.

ராணி அத்தைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "இன்னா நாகப்பா, தண்ணி குடுக்கறதுக்கா உன் பொண்ணு பிளைன்ல போயிட்டு வந்துகினு கீறா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நைனா திரும்பவில்லை. மாலையைச் சுற்றியிருந்த இலையைச் சரிசெய்வது போல் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெரிய ஆளுங்கள கடைசிலதாங்கா எறக்குவாங்க. மொதல்லியே எறக்கிட்டா அப்பால மேட்சுல இன்னா கீது?" என்றார்.

அதை அவர் நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு அந்தக் கோச்சின் சட்டையைப் பிடித்து, அவள் யார் தெரியுமா உனக்கு என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

அவள் யார் என்று எனக்குத்தான் தெரியும். நானும் அவளும் பாரிவாக்கம் பெண்கள் கபடி அணியில் ஒன்றாக ஆடியவர்கள். அவள் இடது மூலை. நான் அவள் கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள். ஏறி வருகிறவள் திரும்பிப் போக ஓர் அடி எடுத்து வைப்பாளே, அந்த அடி தரையில் படுவதற்குள் காவ்யா பாய்ந்து கணுக்காலைப் பிடித்திருப்பாள். மேலே நாங்கள் நாலு பேர் விழுந்து அமுக்குவோம். பிடிபட்டவள் பாடி முடித்து மூச்சு விடுகிறவரை விடக் கூடாது. நடுக்கோட்டை ஒரு விரல் தொட்டுவிட்டாலும் பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட். முகத்தில் உதை வாங்கிக்கூட காவ்யா விட்டதில்லை. கல்லூரியில் அந்தப் பிடியைப் பார்த்துத்தான் அவளை ரக்பிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நான் அம்பத்தூரில் பிரேக் பாகங்களைச் சோதித்து அனுப்பும் வேலையில் சேர்ந்துவிட்டேன். கபடியில் அவளைவிட நான் கெட்டிக்காரி. இப்போது அதைச் சொன்னால் கேட்கத்தான் ஆள் இல்லை.

மத்தியானம் புளிசாதம் பிரித்தார்கள். தள்ளி உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அம்மா தட்டு தட்டாகக் கொடுத்தனுப்பியதில் அவர்கள் மறுபடி கிட்டே வந்துவிட்டார்கள். மேளத்தை ஒருமுறை அடித்துப் பார்க்கலாமா என்றுகூட ஒருவன் கேட்டான். அவர்களிடமிருந்துதான் விஷயம் தெரிந்தது: அடுத்த ஆட்டம் கஜகஸ்தானுடன், அதில் ஜெயித்தால்தான் இந்தியா அரையிறுதிக்குப் போகும், தோற்றால் அன்றோடு சரி. நைனா சாப்பிடவில்லை. ராத்திரி சரியாகத் தூங்காததால் பசி இல்லை என்றார்.

கஜகஸ்தான் பெண்கள் எல்லோரும் எங்கள் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். ஆனாலும் நம்முடையவர்கள் சந்து பொந்தில் நுழைந்து ஓடினார்கள். பாதி ஆட்டம் முடிந்து, இரண்டாம் பாதியும் கொஞ்சம் ஓடியபோது நாம் பத்துப் புள்ளிகள் முன்னால் இருந்தோம். அப்போது நம் பெண் ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓரத்தில் கோச் கையை ஆட்டினார். மஞ்சள் பனியன் கழன்று புல்லில் விழுந்தது. பன்னிரண்டாம் எண் உள்ளே ஓடியது.

"யம்மா, காவ்யா! தோ, காவ்யாமா!" நான்தான் கத்தியிருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள். மேளம் கிழிந்துவிடும் போல அடித்தார்கள். நைனா சீட்டின் மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

அவள் உள்ளே போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கஜகஸ்தான்காரி ஒருத்தி பந்தோடு நம் கோட்டைப் பார்த்துப் பறந்து வந்தாள். பொன்னிறச் சடை, நீளக் கால், முன்னால் யாரும் இல்லை. காவ்யா குறுக்கே ஓடினாள். எட்டமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எட்டாத தூரத்திலிருந்து தரையோடு தரையாகப் பாய்ந்தாள், கணுக்கால் இரண்டு கைக்கும் நடுவில் சிக்கியது, அந்த உயரமான பெண் கோட்டுக்கு நாலடி முன்னால் தடாலென்று விழுந்தாள். அதே பிடி. எங்கள் தெருவில், ரேஷன் கடைக்குப் பின்னாலிருந்த மண் தரையில் நான் நூறு முறை பக்கத்திலிருந்து பார்த்த பிடி, இப்போது இந்தியா ஜெர்சியில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெரு முழுக்க "உடாதடி! உடாதடி!" என்று கத்தியது.

அவளும் விடவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

ரக்பியில் பிடிக்கலாம், தள்ளலாம். ஆனால் பந்து வைத்திருப்பவள் கீழே விழுந்த அடுத்த நொடி பிடித்தவள் விட்டுவிட வேண்டும். விழுந்தவளும் பந்தை விட வேண்டும். கபடியில் வேலை ஆரம்பிக்கிற இடத்தில் இங்கே வேலை முடிந்துவிடுகிறது. ஒரு வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அவளே எனக்கு அதை விளக்கியிருக்கிறாள். ஆனால் முதல் முறையாக உள்ளே இறங்கிய பதற்றத்தில், உடம்பு அது பழகியதைச் செய்தது. அந்தக் காலை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மேலே நாலு பேர் வந்து விழுவார்கள் என்று காத்திருப்பவள் போல அப்படியே கிடந்தாள். நடுவர் குனிந்து ஏதோ சொன்னார், மறுபடி சொன்னார். பிறகு விசில் ஊதி மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

காவ்யா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து, ஓரத்தில் தனியாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் மேளம் நின்றது.

"இன்னாடி இது?" அத்தைக்குத் தாங்கவில்லை. "நல்லாத்தான பிடிச்சா? பிடிச்சதுக்கா வெளிய அனுப்பறான் அந்தாளு?"

"ரெண்டு நிமிஷம் வெளிய குந்தணும் அத்த. அதுவரைக்கும் ஆறு பேருதான் ஆடணும்."

"அதான் அவுட்டு. எனுக்குத் தெரியாதா? கபடி பாக்காதவளா நானு?" அத்தை எழுந்து நின்றாள். "ஏ பொண்ணுங்களா! ஒரு பாயிண்டு எடுங்கடி! ஒரே ஒரு பாயிண்டு! அவ உள்ள வந்துடுவா!"

அப்படி இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? கபடியில் வெளியே போனவளை உயிர்ப்பிக்க ஒரு புள்ளி போதும். எங்கள் தெருவுக்கு அதுதான் சட்டம். முப்பது பேரும் சேர்ந்து, "பாயிண்டு! பாயிண்டு!" என்று கத்தினார்கள். விவரம் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே சேர்ந்து கத்தினார்கள். அந்த நேரத்தில் புள்ளி எடுத்தது கஜகஸ்தான். ஆறு பேரால் மைதானத்தை அடைக்க முடியவில்லை, காவ்யா நிற்க வேண்டிய இடம் திறந்து கிடந்தது, அதன் வழியாகவே ஓடிவந்து பந்தை வைத்தார்கள். அதற்கு ஐந்து புள்ளி; அடுத்து உதைத்த பந்தும் கம்பங்களுக்கு நடுவில் போனதில் இன்னும் இரண்டு. பத்துப் புள்ளி முன்னிலை மூன்றாகச் சுருங்கியது.

நைனா சீட்டிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஷோபனா. இது கொயந்தயாலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "ஆமா நைனா. கபடி மாறி பிடிச்சிட்டா."

அவர் தலையாட்டினார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆட்டம் தோற்றால் என் தங்கை இனி எந்த நாற்காலியில் உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் கழித்துப் பேசினாலும் அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் பேசுவார்கள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம், அதுவே அவளைக் கொன்றுவிடும்.

கடைசி நிமிஷத்தில் அவளை மறுபடி உள்ளே விட்டார்கள். அத்தை, "பாத்தியா? பாத்தியா?" என்றாள், எந்தப் புள்ளியால் உயிர் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நேரம் முடிந்து சங்கு ஊதியது. ஊதியும் ஆட்டம் முடியவில்லை. ரக்பியில் அதுவும் ஒரு வழக்கம்: பந்து உயிரோடு இருக்கிறவரை ஆட்டமும் உயிரோடு இருக்கும். பந்து கஜகஸ்தான் கையில் இருந்தது. ஒருமுறை கோட்டைத் தொட்டால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து திரும்பவும் பந்தைப் போட்டுப் போட்டு இழுத்தார்கள். நம் பெண்கள் வரிசையாக ஓடி ஓடி அடைத்தார்கள். கடைசியில் பந்து மறுபடி அந்தப் பொன்னிறச் சடைக்காரியிடம் வந்தது. அவளுக்கு முன்னால் காவ்யா.

இந்த முறை அவள் பாயவில்லை, காத்திருந்தாள். அந்தப் பெண் வெளிப்பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தாள். அவ்வளவுதான். கணுக்கால் கைக்குள் வந்துவிட்டது, அவள் விழுந்தாள்.

"உடாத! காவ்யா, உடாதடி!" மேளம், விசில், முப்பது தொண்டை.

"உடுடி!" நான் சீட்டின் மேல் நின்று கத்தினேன். "உட்டுடு! கைய எடு! உட்டுடுடி!"

அத்தை திரும்பி என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். கூடப்பிறந்தவளே இப்படிக் கத்துகிறாளே என்று நினைத்திருப்பாள். எனக்கு வலிக்கவே இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்த இரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கைகள் திறந்தன. என் குரல் அவ்வளவு தூரம் போயிருக்காது. மேளச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற நைனாவுக்கே கேட்கவில்லை. அவளாகத்தான் விட்டாள். விட்டு, நடுவர் பார்க்கும்படி இரண்டு உள்ளங்கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள். எங்கள் தெருவுக்கு மூச்சே நின்றுவிட்டது. கையைத் தூக்கினால் அவுட் என்றுதானே அவர்களுக்குத் தெரியும்? மேளக்காரன் குச்சியை அந்தரத்தில் நிறுத்தினான். அதற்குள் காவ்யா எழுந்து, காலைப் பரப்பி நின்று, குனிந்து, கீழே கிடந்தவள் கையிலிருந்த பந்தின் மேல் கையைப் போட்டிருந்தாள். நின்றுகொண்டு எடுக்கலாம், அது சட்டம். கீழே கிடந்தவள் விட வேண்டும், அதுவும் சட்டம். அந்தப் பெண் விடவில்லை. பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு தூரம் ஓடிவந்து கொடுத்துவிட யாருக்கு மனசு வரும்?

விசில். நடுவரின் கை நம் பக்கம் உயர்ந்தது. நம் பெண் ஒருத்தி பந்தை வாங்கி, காலால் லேசாகத் தொட்டு, கோட்டுக்கு வெளியே உதைத்தாள். பந்து செத்தது, ஆட்டமும் முடிந்தது.

கல்லூரிப் பிள்ளைகள் குதித்த பிறகுதான் எங்கள் தெருவுக்கு விஷயம் விளங்கியது. பிறகு அந்த கேலரி என்ன ஆனது என்று கேட்கவே வேண்டாம். அத்தை என்னை அடித்த அதே கையால் என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். நைனா மாலையை இலையிலிருந்து உருவிக்கொண்டு, படிகளில் தடதடவென்று இறங்கி, தடுப்புக் கம்பி வரை ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து விடாமல் பிடிக்கவே பழகிய ஒருத்தி, இந்தியாவே பிடி பிடி என்று கத்தும்போது கையைத் திறந்தாள். என்னால் அது முடிந்திருக்காது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

மற்ற பதினோரு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தில் காவ்யாவைக் காணவில்லை. மாலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நைனா கம்பிக்கு மேல் எக்கி எக்கித் தேடினார்.

அவள் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். பொன்னிறச் சடைக்காரி மல்லாந்து கிடந்து முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டுவிட்டது போலிருந்தது. காவ்யா அவள் காலடியில் மண்டியிட்டு, அந்தக் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்து, ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாதத்தை மெதுவாக முன்னுக்குத் தள்ளித் தள்ளி நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நைனாவின் மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் புல்லில் உதிர்ந்துகொண்டிருந்தன.